நரம்பின் மறுமுனையில்

மீன் பிடிப்பதைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. மீனுக்கும் எனக்கும் இதுநாள் வரை இருந்த உறவெல்லாம் மண்சட்டிக் குழம்பின் வழியாக ஏற்பட்ட உறவுதான். அதிலும், முதல் நாள் குழம்பைவிட மறுநாள் குழம்பே மேல் என்ற ஓர் அபிப்பிராயத்தைத் தவிர, மீனைப் பற்றி எனக்கென்று சொந்தமாக ஒரு கருத்தும் இருந்ததில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில் காமயகவுண்டன்பட்டிக்குப் போயிருக்காவிட்டால் இப்போதும் இருந்திருக்காது.

காமயகவுண்டன்பட்டி என் தாயார் பிறந்த ஊர். கம்பம் பள்ளத்தாக்கில், சுருளி அருவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு புறமும் மலை. நடுவே நெல் வயல்களும், தென்னந்தோப்புகளும், பந்தல் பந்தலாகப் பன்னீர்த் திராட்சையும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சையாகக் கிடக்கும். மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து, 1895-ல் கிழக்கே திருப்பிவிட்டார்கள். அந்தத் தண்ணீர் வந்த பிறகுதான் இந்தப் பள்ளத்தாக்கில் பதினாலாயிரத்துச் சொச்சம் ஏக்கரில் இருபோகம் விளைகிறது. தண்ணீர் வந்தால் மீனும் வரும். வாய்க்கால் தேங்கும் இடங்களிலும் குட்டைகளிலும் கெண்டையும் கெளுத்தியும் விராலும் பெருகிக் கிடக்கும். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போதெல்லாம் பையன்கள் மூங்கில் குச்சியும் நாக்குப்பூச்சியுமாகக் கரையில் குந்தியிருப்பார்கள். நான் மட்டும் புத்தகத்தோடு திண்ணையில் இருப்பேன்.

அந்த ஐப்பசியில் என் மாமன் மகன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். இருபது வருஷமாக அங்கே இருக்கிறான். பெட்டியோடு பெட்டியாக ஒரு நீளமான குழாயையும் கொண்டுவந்திருந்தான். ஏதோ பொறியியல் சாமான் என்று நினைத்தேன். திறந்து காட்டினான். நான்கு துண்டுகளாகப் பூட்டக்கூடிய ஒரு தூண்டில் கோல். பெண்பிள்ளைகள் வளையலை எடுத்துக் காட்டுவதுபோல் ஒவ்வொரு துண்டாக எடுத்து அடுக்கினான்.

"மச்சான், இது மத்தத் தூண்டில் மாதிரி இல்லே. இதிலே ஈயக்குண்டு கிடையாது, புழு கிடையாது. நரம்புதான் கனம். அந்தக் கனத்தாலேயே வீசணும்" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. வாசலில் நின்று வீசிக் காட்டினான். விளங்கியது. நாம் அறிந்த தூண்டிலில் நரம்பு லேசானது. முனையிலிருக்கும் குண்டுதான் பறந்துபோய் நரம்பை இழுத்துச் செல்லும். இதிலே அதற்கு நேர்மாறு. நரம்பு தடித்தது. முனையில் இருப்பதோ இறகும் முடியும் நூலும் வைத்துக் கட்டிய பொய்ப்பூச்சி. அதற்கு எடையே இல்லை. கோலைப் பின்னால் இழுத்தால் நரம்பு தலைக்கு மேல் வளைந்து பின்னே நீண்டு நிற்கிறது. அது முழுதும் நீளும் வரை ஒரு மூச்சு நேரம் பொறுத்து முன்னால் தள்ளினால், சுருள் அவிழ்ந்து, கடைசியில் அந்தப் பூச்சி தானாக வந்து உட்காருவதுபோல் தண்ணீரில் உட்காருகிறது. அந்த ஒரு மூச்சு நேரப் பொறுமையில்தான் வித்தை இருக்கிறது.

பொய்ப்பூச்சிகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. ஒன்றில் கறுப்பு இறகின் நுனியில் மெழுகு வைத்ததுபோல் மஞ்சள் புள்ளி. "இது எந்த ஊர்ப் பறவை தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஜன்னல் வழியே மலையைக் காட்டினான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு! ஸ்காட்லாந்து ஆறுகளில் சால்மன் மீனை ஏமாற்ற இதைவிட நல்ல இறகு இல்லை என்று ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக ஏற்றிப் போனார்களாம். பிற்பாடு அந்த ஏற்றுமதிக்குத் தடை வந்தது. எங்கோ ஒரு பிரபு உல்லாசமாக மீன் பிடிப்பதற்காக இங்கே நம் மலையில் ஒரு சேவல் செத்திருக்கிறது. உல்லாசத்தின் நரம்பு அவ்வளவு நீளம்.

வெள்ளைக்காரர்கள் இந்தப் பழக்கத்தை நம் மலைகளுக்கும் கொண்டுவந்தார்கள். சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த எச். எஸ். தாமஸ் என்பவர் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-லேயே ஒரு தடித்த புத்தகம் எழுதியிருக்கிறார். நீலகிரியின் ஓடைகளில் ட்ரௌட் என்ற குளிர்நாட்டு மீனை வளர்க்கப் பல தடவை முயன்று தோற்று, 1900-க்குப் பிறகு வெற்றி கண்டு, அவலாஞ்சியில் ஒரு குஞ்சுப் பண்ணையும் வைத்தார்கள். எங்கள் பள்ளத்தாக்கின் மேற்குச் சுவருக்கு அப்பால் இருக்கும் மூணாற்றில் தேயிலைத் தோட்டத் துரைமார்களும் அதையே செய்தார்கள். ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர்ச் சாமியை விட்டு வர மனம் வராததுபோல், அவர்களுக்குத் தங்கள் மீனை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

ஆனால் என் மாமன் மகனுக்குப் பிரியமான மீன் ட்ரௌட் அல்ல, பாஸ். அமெரிக்க ஏரிகளில் இருக்கும் பெருவாய் மீன். 1881-ல் ஹென்ஷல் என்ற ஒரு டாக்டர் அந்த மீனின் போராட்டக் குணத்தைப் புகழ்ந்து ஒரு புத்தகமே எழுதிவிட்டார். அதிலிருந்து அந்த நாட்டில் அதற்குத் தனிப் பக்தர் கூட்டம். அது இங்கே கிடையாது என்று அவனுக்கு ஏக்கம். "நம்ம ஊர்லே அதுக்குச் சமமா ஒண்ணு இருக்குன்னா விரால்தான் மச்சான். அதே மாதிரி செடி மறைவிலே பதுங்கிக் கிடக்கும். மேலே தவளை நீந்தினா வந்து அடிக்கும். அந்த அடியைப் பார்க்கணுமே!" என்றான்.

இரண்டு நாள் வாசலில் எனக்குப் பாடம் நடந்தது. மூன்றாம் நாள் மாலை, மழை ஓய்ந்திருந்த வேளையில், ஊருக்கு வெளியே வாய்க்கால் தேங்கும் ஒரு குட்டைக்குப் போனோம். கரையில் சம்பும் கோரையும் மண்டியிருந்தன. ஒரு பெரியவர் மூங்கில் தூண்டிலுடன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். எங்கள் கோலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை மென்றார்.

மான் முடியைக் கற்றையாகக் கட்டித் தவளை வடிவத்தில் கத்தரித்த ஒரு பொம்மையை மாப்பிள்ளை முடிந்து கொடுத்தான். நான் வீசியவற்றில் முதல் ஏழெட்டும் கோரையில் விழுந்தன. ஒன்று என் சட்டைக் காலரில் விழுந்தது. அதற்கடுத்தது, என் திறமையால் அல்ல, காற்றின் தயவால், சம்பு ஓரத்தில் ஒரு சிறு வெட்டவெளியில் போய் மெத்தென்று அமர்ந்தது.

அப்போது நடந்ததை எப்படி எழுதுவது? தண்ணீர் வெடித்தது. அவ்வளவுதான் கண் பார்த்தது. ஆனால் கை வேறொன்றை அறிந்தது. கோல் வில்லாக வளைந்தது. நரம்பு இறுகிக் கூவியது. நான் பிடித்திருந்த கோலின் வழியாக, என் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் தோளுக்கும் ஏதோ ஒன்று ஓடி வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஓர் இருட்டிலிருந்து எனக்கு யாரோ பதில் சொல்லிவிட்டார்கள்! நாற்பது வயது தாண்டியவன், நான்கு பேர் மதிக்கும் எழுத்தாளன், "ஐயோ! ஐயோ!" என்று கத்தினேன். செருப்பில் ஒன்று சேற்றில் போயிற்று. வேட்டி நனைந்தது. என் முதல் நாவல் அச்சாகி வந்த தினத்தில்கூட இப்படி ஒரு கிளர்ச்சியை நான் அடையவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

கரைக்கு வந்தது. முழங்கை நீளம் இருக்கும். பாம்புத் தலை, கறுத்த முதுகு, வெள்ளை வயிறு. விராலுக்குக் காற்றைச் சுவாசிக்கத் தெரியும். ஆகவே அது உடனே சோர்ந்துவிடவில்லை. என் கையில் திமிறிக்கொண்டே இருந்தது.

"அப்பு, அங்கிட்டுப் பாருங்க" என்றார் பெரியவர்.

அவர் காட்டிய இடத்தில், மீன் அடித்த அதே வெட்டவெளியில், தண்ணீர் செந்நிறமாக நெளிந்துகொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான குஞ்சுகள். குங்குமத்தைக் கரைத்துவிட்டதுபோல் ஒன்றாகத் திரண்டு மேலே வந்து, மூச்சு வாங்கி, கீழே போய், மறுபடியும் மேலே வந்தன.

"குஞ்சுக்குக் காவல் இருந்திருக்கு. அது இரைன்னு கடிக்கலே. புள்ளைக்கிட்ட எவனோ வாரான்னு கடிச்சிருக்கு" என்றார்.

"தாத்தா, அப்போ நீங்க இந்த மாதிரி மீனைப் பிடிக்கமாட்டீங்களா?" என்று மாப்பிள்ளை கேட்டான்.

"ஏன் புடிக்காம? வயித்துக்கு இல்லாத காலத்துலே குஞ்சு இருக்கிற இடமாப் பார்த்துத்தான் தவளையை இறக்குவோம். அதுதான் தப்பாமக் கடிக்கும். இப்போ விட்டுர்றது" என்றார். தம்மை உயர்த்திக் காட்டிக்கொள்ளும் குரலே அதில் இல்லை.

"விட்டுடு மச்சான்" என்றான் மாப்பிள்ளை. அவன் எப்போதும் விட்டுவிடுகிறவன். அவனுடைய முள்ளில் பின்னோக்கிய கூர் கிடையாது. கழற்றினால் சுலபமாகக் கழன்றுவிடும்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. நான் உடனே விடவில்லை. "ஒரு படம் எடுத்துக்கொள்கிறேனே" என்றேன். கைப்பேசி பையில் இல்லை; வண்டியில் இருந்தது. மாப்பிள்ளை ஓடிப்போய் எடுத்து வந்தான். முதல் படத்தில் என் முகம் இருட்டாக விழுந்தது. திரும்பி நின்று இன்னொன்று. மீனைச் சற்றுத் தூக்கிப் பிடித்து மூன்றாவது. அதற்குள் ஒரு மீன்கொத்தி அந்தச் செந்நிற வட்டத்தின் மேல் இரண்டு தரம் விழுந்து எழுந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே மூன்றாவது படத்துக்குச் சிரித்தேன்.

பிறகு மீனைத் தண்ணீரில் விட்டேன். சற்று நேரம் கரையோரம் அசையாமல் கிடந்தது. அப்புறம் போயிற்று. குஞ்சுகள் இருந்த பக்கமாகப் போகவில்லை.

அன்றிரவு திண்ணையில் எங்களுக்குள் விவாதம் நடந்தது. பாஸ் மீனிலும் இதே கதைதான் என்று மாப்பிள்ளை சொன்னான். வசந்த காலத்தில் ஆண் மீன் வாலால் தரையைப் பெருக்கிக் கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆண்தான் காவல். அந்தச் சமயத்தில் கண் முன்னே எது விழுந்தாலும் தாக்கும். அதைத் தூக்கிவிட்டால், சில நிமிஷங்களில் சிறு மீன்கள் புகுந்து கூட்டைச் சூறையாடிவிடும். அதனால் அந்த நாட்டின் வடக்கு மாநிலங்கள் சிலவற்றில் அந்தப் பருவத்துக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. தூண்டில்காரர்களுக்குள்ளேயே இது பற்றிப் பெரிய சண்டையும் உண்டு. "நான் அந்த மாசத்திலே போகமாட்டேன். மத்தபடி நான் யாரையும் கொல்லலே மச்சான். பிடிக்கிறேன், விடுறேன். அந்த மீனுக்கு ஒரு பத்து நிமிஷம் கஷ்டம். எனக்கு ஒரு வாரத்துக்கு உற்சாகம். இதிலே பாவம் எங்கே இருக்கு?"

நல்ல கேள்வி. பத்து நிமிஷக் கஷ்டம் என்பது மீனுக்கு உண்டா இல்லையா என்பதைக்கூட ஆராய்ந்திருக்கிறார்கள். 2003-ல் பிரிட்டனில் சில விஞ்ஞானிகள் ட்ரௌட் மீனின் உதட்டில் தேனீ விஷத்தை ஏற்றிப் பார்த்தார்கள். அவை உடலை ஆட்டின. வெகு நேரம் இரையைத் தொடவில்லை. வேறு ஓர் அமிலத்தை ஏற்றியபோது உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. இது வலி அல்ல, வெறும் உடலின் எதிர்வினை என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்து அந்த வாதத்துக்குக் காத்திருக்கவில்லை. விட்டுவிடும் நோக்கத்தோடு மீன் பிடிக்கக் கூடாது என்று 2008-ல் விதியே செய்துவிட்டது. யோசித்துப் பாருங்கள்: தின்பதற்காகப் பிடித்தால் குற்றமில்லை, விளையாட்டாகப் பிடித்து விட்டுவிட்டால் குற்றம்! முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றுகிறது. பெரியவரின் பேச்சை நினைத்துக்கொண்டு மறுபடி கேட்டால் அவ்வளவு தலைகீழாகத் தோன்றவில்லை.

இங்கிலாந்தில் ஐசக் வால்டன் என்பவர் 1653-ல் தூண்டிலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஆற்றங்கரை அமைதி, பாட்டு, நல்ல சிநேகம் எல்லாம் அதில் இருக்கின்றன. தூண்டில்காரன் என்றால் சாது என்ற பெயரே அந்தப் புத்தகத்தால் ஏற்பட்டது. கவி பைரனுக்கு அது பொறுக்கவில்லை. அந்தக் கிழவருக்கும் ஒரு தரம் முள்ளின் ருசி தெரிந்தால் நல்லது என்று கேலி செய்து பாடினான். பைரன் சொன்னது கசப்பு. ஆனால் சாதுத்தனமும் கொடுமையும் ஒரே கரையில், ஒரே மர நிழலில் உட்கார்ந்திருக்க முடியும் என்று கண்டுகொண்டவன் அவன்.

நம்மிடையே, பிடித்த மீனை விட்டவர் ஒருவர் இருக்கிறார். நாகப்பட்டினத்து அதிபத்த நாயனார். பரதவர் தலைவர். தினமும் வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் வழக்கம். ஒரு காலத்தில் நாளுக்கு ஒரே ஒரு மீன்தான் விழுந்தது. அதுவும் முதல் மீன்தானே! விட்டார். வீட்டில் பட்டினி. கடைசியில் ஒருநாள் பொன்னும் மணியுமாக ஒரு மீன் விழுந்தது. அதையும் விட்டார். என் மாமன் மகன் விடுவதும் அதிபத்தர் விடுவதும் வெளிப்பார்வைக்கு ஒரே செயல். ஆனால் அவருக்கு அந்த மீன் வேண்டியிருந்தது. விட்டபோது அவருடைய ஒரு வேளைச் சோறு போயிற்று. எனக்கு என்ன போயிற்று? எனக்கு வேண்டியது ஏற்கெனவே என் கையில் ஏறிவிட்டது. மூன்று படம் வேறு. எச்சிலையை எறிகிறவன் அன்னதானம் செய்ததாகச் சொல்லிக்கொள்ள முடியுமா?

அந்த இழுப்பை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் என்ன இருந்தது? ஒரு கட்டையை நரம்பில் கட்டி இழுத்தால் அந்தக் கிளர்ச்சி வராது. செத்த மீனைக் கட்டி இழுத்தாலும் வராது. மறுமுனையில் ஓர் உயிர் இருக்க வேண்டும். அது சாக மறுக்க வேண்டும். அதன் மறுப்பு எவ்வளவு பலமோ அவ்வளவு என் சந்தோஷம். அன்று அதற்கும் மேலே ஒரு படி. ஒரு தகப்பனோ தாயோ தன் பிள்ளைகளின் பொருட்டுக் கொண்ட கோபம் அது. அந்தக் கோபத்தைத்தான் என் தோள் வரை ஏற்றி நான் அனுபவித்தேன். அனுபவித்தது பொய் என்று சொல்லமாட்டேன். என் வாழ்நாளில் மிக உண்மையான சந்தோஷங்களில் அது ஒன்று. அதனால்தான் அதை எளிதாகத் தள்ளிவைக்க முடியவில்லை.

இதில் என் தொழிலும் சேர்ந்துகொண்டது. பல வருஷங்களுக்கு முன் எங்கள் உறவில் ஒரு பெண் தனக்கு நேர்ந்த ஒரு துயரத்தை என்னிடம் சொன்னாள். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள். நான் தலையை ஆட்டிக் கேட்டேன். என் கண்களும் கலங்கின. அவ்வளவும் உண்மைதான். ஆனால் உள்ளே ஒரு நரம்பு இறுகிக் கூவியது. 'கதை! கதை!' என்று கூவியது. அவள் அழ அழ அது பலமாயிற்று. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், இரண்டு குழந்தைகளை ஒன்றாக்கினேன். பின்னோக்கிய கூரை மழுக்கிவிட்டதாக நினைப்பு. கதைக்கு நல்ல பெயர் வந்தது. அடுத்த பொங்கலுக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் எல்லோருடனும் பேசினாள். என்னோடும் பேசினாள். காப்பி நன்றாக இருக்கிறது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்றெல்லாம் பேசினாள். அந்த வாசற்படியில் மட்டும் அதற்கப்புறம் அவள் உட்கார்ந்ததே இல்லை.

சூதைப் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர் தூண்டிலை உவமையாக வைத்திருக்கிறார். சூதில் கிடைக்கும் வெற்றி, மீன் தூண்டில் முள்ளை விழுங்குவது போன்றது என்கிறார். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது நான் எப்போதும் கரையில் இருந்துதான் படித்தேன்.

மாப்பிள்ளை ஊருக்குத் திரும்பும்போது கோலை என்னிடமே விட்டுவிட்டுப் போனான். பரணில் கிடந்தது. சென்ற மாசியில் மறுபடி காமயகவுண்டன்பட்டிக்குப் போனபோது எடுத்துக்கொண்டு போனேன். ஏன் என்று மனைவி கேட்டாள். சும்மா வீசிப் பார்க்கலாம் என்றேன். ஆனால் முன்யோசனையாக ஒன்று செய்தேன். குறட்டால் அந்தத் தவளைப் பொம்மையின் முள்ளை அடியோடு வெட்டி எறிந்தேன். இப்படியும் சிலர் செய்வதுண்டாம். மீன் வந்து அடிக்கும், மாட்டாது. யாருக்கும் காயமில்லை. பிரச்னை தீர்ந்தது என்று நினைத்தேன்.

குட்டையில் தண்ணீர் குறைந்திருந்தது. குஞ்சுகள் எதுவும் கண்ணில் படவில்லை. பெரியவர் அதே இடத்தில் இருந்தார். ஐந்தாறு தடவை வீசினேன். ஒரு விரால் வந்து அடித்தது. தண்ணீர் வெடித்தது. கோல் ஒரு கணம் சிலிர்த்தது. அவ்வளவுதான், நரம்பு தொய்ந்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மறுபடி வீசினேன். மறுபடி ஒன்று அடித்து, விட்டது.

"என்ன அப்பு, தட்டிக்கிட்டுத் தட்டிக்கிட்டுப் போகுது?" என்றார் பெரியவர்.

பொம்மையை இழுத்து அவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முள் இருந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"முள்ளை எடுத்துட்டீக. அப்போ ஏமாத்துறது மட்டுந்தான் மிச்சமாக்கும்!"

நான் நரம்பைச் சுற்ற ஆரம்பித்தேன். அவருடைய தக்கை அசைந்தது. அவர் என்னை மறந்துவிட்டு அதைப் பார்க்கலானார். நானும் பார்த்தேன்.